இரண்டு பாட்டில் இரும்பு மருந்து

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். என் கணவர். கட்டிலில் எங்கள் இரண்டரை வயது மகள். டாக்டர். டாக்டர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வதற்காக வந்த மூத்த தாதி. தரை துடைத்துக்கொண்டிருந்த சீன ஆண்ட்டி. அவ்வளவுதான். ஏழாவது ஆள் கிடையாது. கதவிலிருந்த கண்ணாடிக்கு வெளியேகூட யாரும் நிற்கவில்லை. நான் பார்த்தேன்.

இதை முதலில் எழுதக் காரணம் என் கணவரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் அந்த நேரத்தில் சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில், தன் வீட்டில் இருந்தார். ஆனால் இன்றைக்கு எந்தக் கல்யாண வீட்டிற்குப் போனாலும், எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும், "நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கு அப்பவே சந்தேகம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். அவர் சொல்லும் கதையில் அவர்தான் என் கையைப் பிடித்து, "உண்மையச் சொல்லு" என்று சொன்னாராம். என் கையை யாரும் பிடிக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொல்வதற்கு முன் இரண்டு மாதம் சொல்லாமலும் இருந்தேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் படிப்பு உயர்நிலை இரண்டோடு நின்றுவிட்டது. தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் பதினோரு வருடமாக வேலை. கீரைப் பக்கம் என்னுடையது. முருங்கைக்கீரையை ஆய்ந்து கட்டுவேன், வாங்க வருகிறவர்களிடம் "இது ரத்தம் ஊறும், பிள்ளைக்குக் கொடுங்க" என்று நாளைக்கு இருபது தடவையாவது சொல்வேன். அப்படிப்பட்டவளின் பிள்ளைக்குத்தான் இரத்தச்சோகை வந்தது. முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் ரத்தம் ஊற வச்சே, ஒம் பிள்ளைய விட்டுட்டியே!" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் கீரைக்கட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

என் மகள் கீரையை வாயில் வைக்க மாட்டாள். சோறும் அப்படித்தான். பால் மட்டும் குடிப்பாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் சுவா சூ காங்கில் எங்கள் அடுத்த வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவளைப் பார்த்துக்கொள்வார். "பாண்டாய், கெட்டிக்காரி, பால் எல்லாம் முடிச்சிட்டா" என்று அவர் காலிப் பாட்டில்களை வரிசையாக வைத்துக் காட்டும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஒருநாள் பார்த்தால் டிஷ்யூவைக் கிழித்துக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நக்கினாள். நான் பயந்து பாலிகிளினிக்கிற்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த ஒரு தடவைதான் நான் பயந்தது சரியாக இருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தம் மிகவும் குறைவு, பாலே சாப்பாடாக இருந்தால் இரும்புச்சத்து சேராது, பாலைக் குறைத்து இந்த மருந்தைக் காலையும் மாலையும் கொடுங்கள் என்றார்கள்.

"அந்த ஒரு தடவை" என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் நான் பயந்தது எல்லாம் வீண். உடம்பில் கொசு கடித்த தடிப்பைப் பார்த்து டெங்கி என்று அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறேன். தூக்கத்தில் மூச்சு சத்தமாக வருகிறது என்று போயிருக்கிறேன். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போனதைப் பார்த்து டாக்சி பிடித்துப் போயிருக்கிறேன். அந்த பீட்ரூட்டை ஊட்டியதும் நான்தான். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியபடியே என் கணவர் சொன்னார். "இனிமே ஒன்னுமில்லாததுக்கு இவளத் தூக்கிக்கிட்டு ஓடுனே, நான் வர மாட்டேன். நீயே போ, நீயே வா." இதை அவர் தன் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணி என்னை ஃபோனில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "என்னா, இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரி?"

மருந்து கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள் காலை, மகள் வெளிக்குப் போய் எழுந்த குட்டிப் பானையைப் பார்த்தேன். கறுப்பு. கோப்பித் தூளைக் குழைத்த மாதிரி. என் அப்பாவுக்குக் கடைசியில் இப்படித்தான் கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிகிறது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம்தான் இருந்தார். கறுப்பு என்றால் எனக்கு அது ஒன்றுதான்.

இரும்பு மருந்து குடித்தால் கறுப்பாகத்தான் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இது இப்போது எனக்குத் தெரியும். மருந்து கொடுக்கும் கவுண்டரில் அந்தப் பெண் நிச்சயம் சொல்லியிருப்பாள். அவள் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லச் சொல்ல நான் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பழக்கம். பின்னால் வரிசை நின்றால், எதிரில் இருப்பவர் நன்றாகப் படித்தவராகத் தெரிந்தால், என் தலை தானாக ஆடும். புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வாய் வராது. பாட்டிலோடு கொடுத்த தாளில் ஏதாவது எழுதியிருந்திருக்கும். அதை மடித்து மின்சாரக் கட்டண ரசீதுகளோடு வைத்துவிட்டேன்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். "ஆரம்பிச்சிட்டியா" என்பார். அதனால் நானே ஒரு முடிவு எடுத்தேன். இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்போம், நிறம் மாறினால் மருந்துதான் காரணம். காலை வேளை என்னுடையது, மாலை வேளை அவருடையது. அவர் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். நான் காலையில் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுப்பேன், சமையலறைக்குப் போவேன், சிங்க்கில் விட்டுத் தண்ணீரைத் திறப்பேன். பாட்டிலில் அளவு குறையாவிட்டால் அவர் கேட்பாரே.

இரண்டே நாளில் நிறம் மஞ்சளாக மாறிவிட்டது. நான் நினைத்தது சரி என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காலை வேளையை மட்டும்தானே நான் நிறுத்தினேன், மாலை மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் எப்படி முழுவதும் மஞ்சளாகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் யோசிப்பது என் குணம்.

இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது, ஒரு வாரம் மாதமானது. முதல் பாட்டில் "முடிந்ததும்" நானே போய் இரண்டாவது பாட்டில் வாங்கி வந்தேன். காசு கொடுத்து வாங்கி வந்து சிங்க்கில் ஊற்றினேன். சிங்க்கில் பழுப்பாக ஒரு கறை பிடித்துக்கொண்டது. அதை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன். இதை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

இரண்டாவது மாதக் கடைசியில் மகளுக்குச் சளி பிடித்தது. மக்சிக்கின் பேரனுக்கும் அதே சளிதான். அவன் மூன்றாம் நாள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டினான். இவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை "ஒன்னுமில்லாததுக்கு" என்று என் கணவர் சொல்லவில்லை. அவரே தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒன்றல்ல, இரண்டு வைரஸ் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்குப் பரவாமல் இருக்கத் தனி அறை கொடுத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லாம் முகக்கவசமும் மஞ்சள் அங்கியும் போட்டுக்கொண்டு வந்தார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பார்த்து அலறினாள்.

மூத்த தாதிதான் எனக்குப் புரியும்படி சொன்னார். "ஒன்னு சாதா சளிம்மா, எல்லாருக்கும் வர்றது. இன்னொன்னு, ஒடம்பு எப்ப அசரும்னு பாத்துக்கிட்டே இருந்து உள்ள நொழையறது. நல்லா இருக்கிற பிள்ளைய அது ஒன்னும் பண்ணாது லா. ரத்தம் கொறைஞ்ச பிள்ளைன்னா வந்து ஒக்காந்துக்கும், போகாது."

எனக்கு ஏனோ அண்ணி ஞாபகம் வந்தது.

அண்ணி அன்று மாலையே தெம்பனிஸிலிருந்து ஒரு பிளாஸ்க் நிறைய முருங்கைக்கீரை சூப்போடு வந்துவிட்டார். அறைக்குள் இரண்டு பேருக்கு மேல் விட மாட்டோம் என்றதும் வார்டு வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டு, "கீரைக் கடையில வேல பாக்கிறவ, ஒரு சூப் வச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். கீரை நான் வேலை பார்க்கும் கடையில், முந்தின வாரம் என்னிடமே, பாதி விலைக்கு வாங்கியது. சூப்பை என் கணவர் குடித்தார்.

மூன்றாம் நாள் காலை மகளிடமிருந்து மூன்று குழாய் இரத்தம் எடுத்தார்கள். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க. அவளிடம் இருப்பதே கொஞ்சம். அதிலிருந்தும் மூன்று குழாய். எதற்கு என்று கேட்டேன். ஸ்பெஷல் டெஸ்ட், வெளி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது என்றார்கள். நான் தலையாட்டினேன்.

பிற்பாடு பதினோரு மணி வாக்கில் டாக்டர் வந்தார். சின்ன வயதுச் சீனப் பெண், பொறுமைசாலி. கூடவே மூத்த தாதியையும் அழைத்து வந்திருந்தார். சாதாரண விஷயம் என்றால் தமிழுக்கு ஆள் கூட்டி வர மாட்டார்கள். ஆண்ட்டி கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொல்லச் சொல்ல தாதி சொன்னார். ஹீமோகுளோபின் இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் மருந்து ஒழுங்காக வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் ஒழுங்காக இரும்பு மருந்து குடித்தும் ஏறவில்லை என்றால், இது வெறும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்காது. உடம்பு இரத்தம் உண்டாக்குகிற இடத்திலேயே கோளாறு இருக்கலாம். அல்லது அந்த வைரஸ் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். அதனால் இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம். ஆனால் நெஞ்சில் இவ்வளவு சளி இருக்கும்போது மயக்கம் கொடுப்பதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். சம்மதம் என்றால் இங்கே கையெழுத்து.

தாள் என் கணவர் கையில் இருந்தது. பேனாவும் இருந்தது. அவர் முகம் மகளின் உதட்டைவிட வெளுத்திருந்தது.

நான் டாக்டரைப் பார்த்தேன். என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. ஓகே, ஓகே. அது பாட்டுக்கு ஆடுகிறது. மகள் கையில் கட்டுப்போட்டு, சலைன் குழாயோடு, என்னுடைய துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு படுத்திருந்தாள். இவள் எலும்பில் ஊசி இறங்கப் போகிறது. சிங்க்கில் பிடித்த ஒரு பழுப்புக் கறைக்காக.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

"என்னா?" என்றார் கணவர்.

"சிஸ்டர், நான் அந்த மருந்தக் குடுக்கவே இல்ல. நாலு நாள்தான் குடுத்தேன். கறுப்பாப் போச்சு, பயந்துட்டேன். தெனமும் சிங்க்கில ஊத்திட்டேன்."

தாதி டாக்டரை விட்டு என் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேல் அவர் கண்களை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

"கறுப்பாப் போகும்னு சொல்லியிருப்பாங்களேம்மா?"

"சொல்லியிருப்பாங்க. நான் தலையாட்டியிருப்பேன்."

கணவர் கத்தப் போகிறார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"நானும்தான்" என்றார்.

"நீங்களும்தான் என்னா?"

"சாயங்கால மருந்து. அவ துப்புறா, அழுவுறா, என் சட்டையெல்லாம் கறை. மூச்சு முட்டுற மாதிரி அழுவுறா, எனக்குத் தாங்கல. காலையிலதான் நீ குடுக்கிறியேன்னு... பாத்ரூம்ல ஊத்திட்டேன்."

"எத்தன நாளா?"

"மொத வாரத்துலேருந்து."

தாதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பாட்டில் மருந்தையும் யாருதான் குடிச்சா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், இரண்டரை வயதுப் பிள்ளையின் அழுகைக்குப் பயந்து இரண்டு மாதம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது. "தெனமும் 'குடுத்தீங்களா'ன்னு கேட்டேனே, 'குடுத்துட்டேன், குடுத்துட்டேன்'னீங்களே!" என்றேன்.

"நீயும்தான் சொன்னே!"

"நான் கேட்டப்ப நீங்க—"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"ஐயோ, சண்டைய வீட்டுல போய் வச்சுக்குங்க லா" என்றார் தாதி.

மகள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். ஆண்ட்டிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தாதி எல்லாவற்றையும் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரிந்த வார்த்தைகள் சிங்க், டாய்லெட் இரண்டும்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். பிறகு என் கணவர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன்.

"திட்டலம்மா" என்றார் தாதி. "இது நல்ல சேதிங்கிறாங்க. மருந்து குடிச்சும் ஏறலன்னாதான் பயம். குடிக்கவே இல்லன்னா எப்படி ஏறும்? எலும்பு டெஸ்ட இப்ப செய்யல. காய்ச்சல் எறங்கட்டும், மருந்து நாங்க குடுக்கிறோம், நம்பர் ஏறுதான்னு பாப்போம். ஏறலன்னா அப்பறம் யோசிக்கலாம்." கொஞ்சம் நின்று, "இனிமே புரியலன்னா தலையாட்டாதீங்க. இப்பகூட ஆட்டுறீங்க பாருங்க" என்றார்.

நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

காய்ச்சல் அதற்குப் பிறகும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் "ஏறலன்னா" என்ற ஒரு வார்த்தை என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் நின்றதும் வார்டிலேயே மருந்தை ஆரம்பித்தார்கள். கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றோடு, பால் குடிக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வராமல், கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விட வேண்டும் என்று தாதி என் கணவர் கையில் சிரிஞ்சைக் கொடுத்துச் செய்ய வைத்தார். மகள் பாதியை அவர் சட்டையில் துப்பினாள். மீதி உள்ளே போனது.

வீட்டுக்கு வந்தபிறகு ஒருவர் கொடுக்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு பேருக்குமே இது பிடிக்கவில்லை. காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அரைத் தூக்கத்தில் நின்று பார்ப்பார். மாலையில் நான் சந்தையிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு நின்று பார்ப்பேன். பானையில் கறுப்பாகப் பார்த்த முதல் நாள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாமா காட்டுவாங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஆனால் எழுந்து வந்து பார்த்தார்.

அடுத்த மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் நம்பர் ஏறியிருந்தது. இரண்டரை ஏறியிருந்தது. எலும்பு டெஸ்ட் தேவையில்லை என்று டாக்டர் சொன்னபோது, தாதி இல்லாமலே எனக்குப் புரிந்தது. ஆனாலும், "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டேன். டாக்டர் இன்னொரு தடவை சொன்னார்.

பில் வந்தது. மானியமும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் போக மீதியை ஒருவழியாகக் கட்டிவிட்டோம். ஒரு வரி மட்டும் தனியாக நின்றது. நான் வாயைத் திறப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் எடுத்து அனுப்பிய அந்த ஸ்பெஷல் டெஸ்ட். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்று வரத்தான் செய்யும். காலையிலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று குழாய் இரத்தமும் அவள் உடம்பிலேயே இருந்திருக்கும். இருநூற்று நாற்பது வெள்ளி. இதை என் சம்பளத்தில் நான் கட்டுகிறேன் என்றேன். "பாதி என்னுது" என்றார் அவர். அதிலும் ஒரு சண்டை. கடைசியில் ஆளுக்கு நூற்று இருபது என்று முடிந்தது.

அண்ணி இதையும் எப்படியோ கேள்விப்பட்டு ஃபோன் செய்தார். "அந்தக் காச நான் கட்டிடுறேன், எந் தம்பி பொண்ணுக்குத்தானே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். வேண்டாம் அண்ணி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். கட்டவிட்டால் அந்த அறைக்குள் ஏழாவது ஆளாக வந்து நின்றுவிடுவார். அப்புறம் நான் இதை எழுதி என்ன பயன்?

என் கணவர் தன் பாதியை ஓவர்டைம் காசில் ஒரே தடவையாகக் கட்டிவிட்டார், அதைச் சொல்லியும் காட்டிவிட்டார். நான் மாதம் இருபதாகக் கட்டி வருகிறேன். மூன்று மாதம் ஆகிறது. என் பாதியில் இன்னும் அறுபது வெள்ளி பாக்கி.